கையால் சுற்றிய காயிலில் வரும் கோளாறுகள்: கம்பியின் கேஜை மையமாகக் கொண்டு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சொந்தமாகக் காயில் சுற்றுபவர்கள் பெரும்பாலும் "இத்தனை ஆம்பியருக்கு எந்தக் கேஜ்?" என்ற ஒரே கேள்வியோடு கம்பியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு வரும் கோளாறுகளில் பாதி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கேஜ் என்பது கம்பியின் பருமனைக் குறிக்கும் எண்; எண் கூடக்கூடக் கம்பி மெலியும். ஒரு கம்பியின் பருமன் ஒரே சமயத்தில் நான்கு காரியங்களைத் தீர்மானிக்கிறது: காயிலின் மின்தடை, பாபினில் (கம்பி சுற்றும் கூட்டில்) அது அடைக்கும் இடம், சுருளின் நீளம் (அதன் வழியாக இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்ட மாற்றத்தைக் காயில் எதிர்க்கும் அளவு), உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் ஓடக் கிடைக்கும் மேற்பரப்பு. ஆகவே கோளாறு வந்தவுடன் கம்பியை மாற்றிச் சுற்ற உட்காராமல், இந்த நான்கில் எது தவறியது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கீழே உள்ள அறிகுறிகள் அந்த நோக்கத்தில்தான் எழுதப்பட்டுள்ளன.

எந்த அறிகுறியானாலும் முதலில்: கையில் இருப்பது என்ன கம்பி?

நம் ஊர் ரீவைண்டிங் கடைகளில் எனாமல் கம்பியை (மெல்லிய காப்புப் பூச்சுள்ள கம்பியை) எடை போட்டு விற்கிறார்கள். அங்கே கேஜ் என்று சொல்லப்படுவது பிரிட்டனிலிருந்து வந்த எஸ்.டபிள்யூ.ஜி. எண். இணையத்தில் கிடைக்கும் மின்சுற்றுகளில் பெரும்பாலும் இருப்பதோ அமெரிக்க ஏ.டபிள்யூ.ஜி. எண். இரண்டும் ஒன்றல்ல. ஏ.டபிள்யூ.ஜி. 30 என்பது 0.255 மி.மீ. விட்டம், எஸ்.டபிள்யூ.ஜி. 30 என்பது 0.315 மி.மீ. விட்டத்தில் 24 சதவீதமும், குறுக்குவெட்டுப் பரப்பில் ஏறத்தாழ 52 சதவீதமும் வித்தியாசம். இந்த ஒரு குழப்பம் மட்டுமே பாபின் நிரம்பி வழிவதற்கும், ரேடியோ வேறு இடத்தில் பாடுவதற்கும் போதும். மாற்றாக எடுக்க வேண்டுமானால், ஏ.டபிள்யூ.ஜி. 20-க்கு எஸ்.டபிள்யூ.ஜி. 21, 24-க்கு 25, 26-க்கு 27, 28-க்கு 30, 30-க்கு 33 என்பவை நெருக்கமாக ஒத்துப்போகும். எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரை நம்புவது இன்னும் நல்லது.

மைக்ரோமீட்டர் இல்லையென்றால், ஒரு பென்சில் மீது 20 சுற்றுகளை இடைவெளியின்றி நெருக்கமாகச் சுற்றி, மொத்த அகலத்தை அளந்து 20-ஆல் வகுக்கலாம். இதில் கிடைப்பது எனாமலையும் சேர்த்த விட்டம் என்பதை மறக்கக் கூடாது, எஸ்.டபிள்யூ.ஜி. 30 கம்பியில் செம்பு 0.315 மி.மீ. என்றால் எனாமலோடு சுமார் 0.35 மி.மீ. வரும். மின்தடைக்குச் செம்பின் விட்டத்தையும், இடத்துக்கு எனாமலோடு சேர்ந்த விட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பழைய பொருள்களிலிருந்து பிரித்தெடுத்த கம்பியானால் இன்னொரு சோதனையும் தேவை. முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியைப் போல் மின்னினால் அது அலுமினியம். அதே பருமனுள்ள செம்பைவிட அதன் மின்தடை ஏறத்தாழ 1.6 மடங்கு. கணக்கெல்லாம் சரியாகப் போட்டும் காயில் கொதிக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களில் சிலர் இந்தக் கம்பியில்தான் ஏமாந்திருப்பார்கள்.

அறிகுறி: காயில் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது

விரலால் தொட்டுப் பார்ப்பது அளவீடு ஆகாது. காயில் தனக்குத்தானே ஒரு வெப்பமானி. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடுவதால், குளிர்ந்த நிலையில் ஒருமுறையும், அரை மணி நேரம் ஓடவிட்டு மின்சாரத்தை நிறுத்திய உடனே ஒருமுறையும் மின்தடையை அளந்தால் உள்ளே இருக்கும் சராசரி வெப்பம் தெரிந்துவிடும். சூடான மின்தடையைக் குளிர்ந்த மின்தடையால் வகுத்து, அதிலிருந்து 1-ஐக் கழித்து, அறை வெப்பநிலையோடு 234.5-ஐக் கூட்டிய எண்ணால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 30 டிகிரி அறையில் 10 ஓம் இருந்த காயில் பிறகு 12.3 ஓம் காட்டினால், 0.23-ஐ 264.5-ஆல் பெருக்க, உயர்வு சுமார் 61 டிகிரி. அதாவது உள்ளே 91 டிகிரி. சாதாரண எனாமல் இதைத் தாங்கும். ஆனால் பிளாஸ்டிக் பாபினும் ஒட்டு டேப்பும் தாங்குமா என்பது வேறு கேள்வி.

உயர்வு அதிகமென்றால் மின்னோட்ட அடர்த்தியைக் கணக்கிடுங்கள். உள்ளே அடைபட்ட பல அடுக்குக் காயிலுக்கு ஒரு சதுர மி.மீ. செம்புக்கு 2.5 முதல் 3 ஆம்பியர் என்பது பாதுகாப்பான அளவு. காற்றுப் படும் ஒற்றை அடுக்குக் காயிலுக்கு 5 வரை போகலாம். 3 ஆம்பியர் என்ற கணக்கில் எஸ்.டபிள்யூ.ஜி. 30 கம்பி 0.23 ஆம்பியரையும், 26 கம்பி அரை ஆம்பியரையும், 24 கம்பி 0.74 ஆம்பியரையும், 22 கம்பி 1.2 ஆம்பியரையும், 20 கம்பி ஏறத்தாழ 2 ஆம்பியரையும், 18 கம்பி 3.5 ஆம்பியரையும் தாங்கும்.

இங்கே பலரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்குவது) பெரிய ஃபில்டர் கண்டென்சரும் (அதைச் சீராக்குவது) உள்ள பவர் சப்ளையில், வெளியே 1 ஆம்பியர் நேர்மின்னோட்டம் எடுத்தால் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் (வெளியீட்டுச் சுருளில்) ஓடுவது 1 ஆம்பியர் அன்று. கண்டென்சர் சிறு சிறு துடிப்புகளாக மின்னோட்டத்தை இழுப்பதால், வெப்பத்தைப் பொறுத்தவரை அது 1.6 முதல் 1.8 ஆம்பியருக்குச் சமம். ஆகவே மேலே உள்ள கணக்கைப் பார்த்து 22 கம்பியைச் சுற்றியவர், உண்மையில் 20 கம்பியைச் சுற்றியிருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் ஏன் சுடுகிறது என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அறிகுறி: மின்காந்தமோ ரிலேயோ (மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வலுவாக இழுக்கவில்லை

உடனே தோன்றும் மருந்து, இன்னும் கொஞ்சம் சுற்றுகளைச் சேர்ப்பது. பேட்டரி போன்ற நிலையான மின்னழுத்தத்தில் இயங்கும் காயிலுக்கு இது பயன்படாது. சுற்றுகளை இரட்டித்தால் கம்பியின் நீளமும் இரட்டிக்கிறது, மின்தடையும் இரட்டிக்கிறது, மின்னோட்டம் பாதியாகிறது. சுற்றையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் ஆம்பியர்-சுற்று (இழுவிசை இதைப் பொறுத்தது) முன்பிருந்த இடத்திலேயே நிற்கிறது. உண்மையில் வெளிப்புறச் சுற்றுகள் நீளமானவை என்பதால் சற்றுக் குறையவும் செய்யும். நிலையான மின்னழுத்தத்தில் இழுவிசையைத் தீர்மானிப்பது சுற்றுகளின் எண்ணிக்கை அன்று, கம்பியின் கேஜ்.

எண்களோடு பார்ப்போம். ஒரு சுற்றின் சராசரி நீளம் 60 மி.மீ., மின்னழுத்தம் 12 வோல்ட். எஸ்.டபிள்யூ.ஜி. 36 (0.193 மி.மீ.) கம்பிக்கு ஒரு மீட்டருக்கு 0.59 ஓம், ஒரு சுற்றுக்கு 0.035 ஓம். 12-ஐ அதனால் வகுத்தால் சுமார் 340 ஆம்பியர்-சுற்று. நீங்கள் 500 சுற்று சுற்றினாலும் 5000 சுற்று சுற்றினாலும் இந்தக் கம்பியால் தர முடிந்தது அவ்வளவுதான். அதே இடத்தில் எஸ்.டபிள்யூ.ஜி. 30 கம்பி ஒரு மீட்டருக்கு 0.22 ஓம் என்பதால், சுமார் 900 ஆம்பியர்-சுற்று தரும். வேறு கேஜுக்குக் கணக்கிட, 0.022-ஐ மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தின் இருமடியால் வகுத்தால் ஒரு மீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை ஓமில் கிடைக்கும்; மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய ஒரே சூத்திரம் இது என்பேன்.

அப்படியானால் சுற்றுகள் எதற்கு? வெப்பத்தைக் குறைப்பதற்கு. மேலே சொன்ன 30 கம்பியில் 1000 சுற்று சுற்றினால் மின்தடை 13.3 ஓம், மின்னோட்டம் 0.9 ஆம்பியர், விரயம் ஏறத்தாழ 11 வாட். சிறிய காயில் சில நிமிடங்களில் பொசுங்கும். 2000 சுற்று சுற்றினால் அதே இழுவிசைக்கு 5.4 வாட் மட்டுமே. ஆகவே செயல்முறை இப்படி அமைய வேண்டும்: தேவையான இழுவிசைக்கு ஏற்பக் கேஜைத் தேர்ந்தெடுத்து, பிறகு பாபின் கொள்ளும் மட்டும் சுற்றுகளை நிரப்ப வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்து, சுற்றுகளை முதலில் முடிவு செய்து, அவை அடங்கும் மெல்லிய கம்பியைத் தேடிப் போனதால்தான் காந்தம் நோஞ்சானாகிறது.

அறிகுறி: கணக்கிட்ட சுற்றுகள் பாபினில் அடங்கவில்லை

ஏ.டபிள்யூ.ஜி. குழப்பம் இல்லையென்று உறுதியான பின், எனாமலோடு சேர்ந்த விட்டத்தைக் கொண்டு அடுக்குக் கணக்கு போடுங்கள். 30 மி.மீ. அகலமும் 10 மி.மீ. ஆழமும் உள்ள பாபினில் 0.35 மி.மீ. கம்பி ஓர் அடுக்குக்கு 85 சுற்று, 28 அடுக்கு, ஆக 2380 சுற்று என்று காகிதத்தில் வரும். கையால் சுற்றும்போது 2000-ஐ எட்டினாலே நல்ல கை என்று சொல்வேன். அடுக்குகளுக்கு இடையே காப்புத்தாள் வைத்தால் இன்னும் குறையும்.

இடம் போதாதபோது ஒரு கேஜ் மெலிந்த கம்பிக்கு இறங்கலாம், ஆனால் விலையைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். விட்டம் பாதியானால் அதே இடத்தில் நான்கு மடங்கு சுற்று பிடிக்கும். நிரம்பிய காயிலின் மின்தடையோ 16 மடங்காகும். சுற்றுகளைக் குறைத்து ஒப்பேற்றுவது மட்டும் கூடாது. அதன் பலன் அடுத்த அறிகுறியில் தெரியும்.

அறிகுறி: டிரான்ஸ்ஃபார்மர் லோடு இல்லாமலே உறுமுகிறது, சுடுகிறது

லோடு இல்லாதபோது கம்பியில் மின்னோட்டம் மிகக் குறைவு. ஆகவே மெல்லிய கம்பியை இங்கே குற்றவாளியாக்க முடியாது. சுற்று குறைந்ததால் கோர் (நடுவிலுள்ள இரும்புத் தகடுகள்) தெவிட்டியிருக்க வேண்டும், அதாவது மேற்கொண்டு காந்தப்பாயத்தை ஏற்காத நிலைக்கு வந்திருக்க வேண்டும், அல்லது எனாமல் உரிந்து சில சுற்றுகள் தமக்குள் ஷார்ட் ஆகியிருக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸில் ஒரு டெஸ்லா காந்தப்பாய அடர்த்திக்கு, 45-ஐச் சதுர செ.மீ. கணக்கிலான கோர் பரப்பால் வகுத்தால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். 6 சதுர செ.மீ. கோருக்கு 7.5 சுற்று, 230 வோல்ட்டுக்கு 1725 சுற்று. தடித்த கம்பி அடங்கவில்லை என்று 1100 சுற்றோடு நிறுத்தியவரின் கோரில் அடர்த்தி 1.57 டெஸ்லாவுக்கு ஏறிவிடுகிறது, சாதாரணத் தகடுகள் அந்த இடத்தில் திணறத் தொடங்கும்.

இரண்டையும் பிரித்தறிய வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இருந்தால் மின்னழுத்தத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். தெவிட்டிய கோரானால் உறுமல் சட்டென்று அடங்கி, மின்னோட்டம் பாதிக்கும் வெகு கீழே போய்விடும். ஷார்ட் ஆன சுற்றானால் பாதி மின்னழுத்தத்திலும் அது விடாமல் சூடாகும். வேரியாக் இல்லாதவர்கள் 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்து முதல் முறை மின்சாரம் கொடுக்கலாம். பல்பு பிரகாசமாக எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மரை நேரடியாக இணைக்கக் கூடாது. 230 வோல்ட் வேலை என்பதால், காயிலைத் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குவதும், தனியாக இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யாதிருப்பதும் அவசியம்.

அறிகுறி: ரேடியோ நிலையங்கள் டயலில் இடம் மாறி வருகின்றன

ஒற்றை அடுக்கு ரேடியோ காயிலில் கேஜ் மாறினால் மின்தடை மாறுவதைவிட முக்கியமாகச் சுருளின் நீளம் மாறுகிறது. ஒரே எண்ணிக்கையிலான சுற்றுகள் குறுகிய நீளத்தில் நெருங்கினால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று கூடுதலாகத் தழுவுவதால் இண்டக்டன்ஸ் கூடும். இதைக் கணக்கிட ஹெரால்டு வீலர் 1928-இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் போதுமானது. மில்லிமீட்டரில் எழுதினால்: விட்டத்தின் இருமடியையும் சுற்றுகளின் இருமடியையும் பெருக்கி, அதை (457 × விட்டம் + 1016 × சுருள் நீளம்) என்பதால் வகுத்தால் மைக்ரோஹென்றியில் விடை வரும்.

60 மி.மீ. குழாய் மீது எஸ்.டபிள்யூ.ஜி. 24 கம்பியால் நெருக்கமாக 70 சுற்று சுற்றினால், எனாமலோடு 0.61 மி.மீ. வீதம் சுருள் 43 மி.மீ. நீளம் வரும்; இண்டக்டன்ஸ் சுமார் 253 மைக்ரோஹென்றி. 365 பிகோஃபாரட் கேங் கண்டென்சரோடு (டயலைத் திருப்பும்போது மதிப்பு மாறும் கண்டென்சர்) இது 524 கிலோஹெர்ட்ஸில் தொடங்கும். 531-இல் தொடங்கும் மத்திய அலைக்குப் பொருத்தம். கையில் 24 இல்லை என்று எஸ்.டபிள்யூ.ஜி. 30 கம்பியால் அதே 70 சுற்று சுற்றினால் நீளம் 24.5 மி.மீ. ஆகச் சுருங்கி, இண்டக்டன்ஸ் 340 மைக்ரோஹென்றிக்கு ஏறும். இப்போது டயல் 452 கிலோஹெர்ட்ஸில் தொடங்கும். முன்பு 1600-ஐ எட்டிய மேல்முனை 1380 அருகே நின்றுவிடும். கீழ்முனையில் நிலையமே இல்லாத வெற்றிடமும், மேல்முனையில் காணாமற்போன நிலையங்களும் சேர்ந்து வந்தால் இதுதான் காரணம். மருந்து எளிது: 30 கம்பியில் 58 சுற்று போதும். 12 சுற்றுகளைக் கழற்றினால் பழைய இண்டக்டன்ஸ் திரும்பிவிடும்.

அறிகுறி: நிலையங்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன, ஒலி மெலிந்து வருகிறது

கம்பியைக் குறை சொல்லும் முன், டயோடை (ரேடியோ அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் உறுப்பு) காயிலின் உச்சியிலிருந்து எடுத்து, சுற்றுகளின் நடுவே எடுத்த ஓர் இணைப்புக்கு மாற்றிப் பாருங்கள். ஆன்டெனாவையும் ஒரு சிறு கண்டென்சர் வழியாக இணைத்துப் பாருங்கள். பல நேரங்களில் காயிலை மூச்சுத் திணறச் செய்வது இந்தச் சுமைகளே.

அதன்பிறகும் கூர்மை வரவில்லையென்றால் கேஜைப் பார்க்கலாம். உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் மட்டும் ஓடுகிறது. செம்பில் அந்தத் தோலின் தடிமன் 1 மெகாஹெர்ட்ஸில் 0.066 மி.மீ. தான். இதைப் படித்துவிட்டு, மெல்லிய கம்பியே போதும் என்று முடிவு கட்டுவது தவறு. மேலே சொன்ன காயிலுக்குச் சுமார் 13 மீட்டர் கம்பி செல்லும். எஸ்.டபிள்யூ.ஜி. 36-இல் அது ஏறத்தாழ 8 ஓம். 1 மெகாஹெர்ட்ஸில் காயிலின் மின்மறுப்பு சுமார் 1600 ஓம் என்பதால், வேறு எந்த இழப்பும் இல்லாவிட்டாலும் க்யூ மதிப்பு (நிலையங்களைப் பிரிக்கும் கூர்மையின் அளவு) 200-ஐத் தாண்ட வழியில்லை. எதிர்த்திசையில், தடித்த கம்பியை இடைவெளியின்றிச் சுற்றினால் பக்கத்துச் சுற்றின் காந்தப்புலம் மின்னோட்டத்தை ஓரத்துக்குத் தள்ளி இழப்பைக் கூட்டும். ஒரு சுற்றின் மையத்திலிருந்து அடுத்த சுற்றின் மையம் வரையுள்ள தூரத்தில் பாதி முதல் பத்தில் ஏழு பங்கு வரை கம்பி இருந்து, மீதி காற்றாக இருப்பது நல்ல நிலை. கம்பியோடு ஒரு நூலையும் சேர்த்துச் சுற்றிப் பிறகு நூலை உருவிவிட்டால் சீரான இடைவெளி கிடைக்கும். நீளம் கூடுவதால் சுற்றுகளை மறுபடி கணக்கிட வேண்டும்.

மத்திய அலைக்கு லிட்ஸ் கம்பியே (தனித்தனியாக எனாமல் பூசிய பல மெல்லிய இழைகளை முறுக்கியது) சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முனையில் அதன் எல்லா இழைகளும் ஈயத்தைப் பிடித்திருக்க வேண்டும். சில இழைகள் விடுபட்டாலே அதற்குக் கொடுத்த கூடுதல் விலை வீணாகும்.

அறிகுறி: எஃப்.எம். காயில் அருகே கை அசைந்தாலும் மேசை அதிர்ந்தாலும் அலைவரிசை நகர்கிறது

இங்கே கேஜ் இயந்திர வலிமைக்காக மட்டுமே. காற்றில் தானாக நிற்கும் காயிலுக்கு எஸ்.டபிள்யூ.ஜி. 20 அல்லது 22 வேண்டும். 6 மி.மீ. துளைக்கருவித் தண்டின் மீது 20 கம்பியால் 5 சுற்று சுற்றி 8 மி.மீ. நீளத்துக்கு இழுத்தால் சுமார் 0.1 மைக்ரோஹென்றி. அதிர்வெண்ணைக் கூட்டச் சுற்றுகளை விலக்குங்கள், குறைக்க நெருக்குங்கள். சரியான இடம் கிடைத்ததும் ஒரு சொட்டு மெழுகு.

அறிகுறி: ஸ்விட்சிங் சப்ளையின் ஃபெரைட் காயில் சுடுகிறது, ஆனால் கணக்குப்படி கம்பி போதுமானது

காயிலைக் கழற்றி, மின்சுற்றில் ஓடும் அதே சராசரி மின்னோட்டத்தை மேசை சப்ளையிலிருந்து வெறும் நேர்மின்னோட்டமாகச் செலுத்துங்கள். அப்போதும் அதே அளவு சுட்டால் கம்பி மெலிந்தது என்று பொருள். குளிர்ந்து கிடந்தால் கோர் இழப்போ, தெவிட்டலோ, உயர் அதிர்வெண் இழப்போ காரணம். இன்னும் தடித்த ஒற்றைக் கம்பி இதைத் தீர்க்காது. இதே ஏற்பாட்டில் மின்தடையையும் அளக்கலாம்: 1 ஆம்பியர் செலுத்தி, காயிலின் முனைகளிலேயே மில்லிவோல்ட்டை அளந்தால் அதுவே மில்லிஓம். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவு இங்கே உதவாது. அதன் வயர்களின் தடையே காயிலைவிடப் பெரிது.

100 கிலோஹெர்ட்ஸில் தோலின் தடிமன் 0.21 மி.மீ. என்பதால், ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் போல மின்னோட்டம் முழுதாக ஏறி இறங்கும் இடங்களில் 0.4 மி.மீ.-க்கு மேற்பட்ட ஒற்றைக் கம்பி வீண். எஸ்.டபிள்யூ.ஜி. 20 ஒன்றுக்குப் பதிலாக 28 கம்பி ஆறு இழைகளை முறுக்கிச் சுற்றினால் செம்பின் பரப்பு அதேதான், இழப்பு குறையும். பக் கன்வெர்ட்டரின் (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஸ்விட்சிங் சப்ளையின்) காயிலுக்கு இந்தச் சிரமம் பெரும்பாலும் தேவையில்லை. அதில் ஓடுவது பெருமளவு நேர்மின்னோட்டம், மேலே ஒரு சிறு அலை மட்டுமே. தடித்த ஒற்றைக் கம்பியே அங்கே போதும்.

அறிகுறி: மல்டிமீட்டர் இணைப்பே இல்லை என்கிறது

காயில் அறுந்துவிட்டது என்று பிரிக்க வேண்டாம். முதலில் முனையைச் சந்தேகியுங்கள். பாலியூரித்தேன் பூசிய கம்பி 380 டிகிரி சால்டரிங் அயர்னில் தானே உரிந்து ஈயத்தைப் பிடிக்கும். அந்தப் புகையை மூச்சில் இழுக்காமல் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மோட்டாருக்காக விற்கப்படும் கம்பியின் பூச்சு பெரும்பாலும் அப்படி உரியாது. உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்துச் செம்பு நிறம் தெரிந்தபின்தான் பற்றவைக்க வேண்டும். பிளேடால் சுரண்டும்போது விழும் சிறு வெட்டு, பிற்பாடு அதே இடத்தில் கம்பியை முறித்துவிடும்.

எஸ்.டபிள்யூ.ஜி. 38-க்கு மேற்பட்ட மெல்லிய கம்பியின் முனையை நேரடியாக வெளியே கொண்டுவரக் கூடாது. பல இழை கொண்ட மெல்லிய வயர் ஒன்றைப் பாபினுக்குள்ளேயே பற்றவைத்து, இணைப்பின் மீது டேப் ஒட்டி, அந்த வயரையே இரண்டு மூன்று சுற்று பாபினில் சுற்றிய பிறகு வெளியே எடுத்தால், இழுப்பு முழுவதும் வயரின் மீது விழும், கம்பியின் மீது விழாது.